சொல்ல நாணும் நோய்

அந்தப் பெரியவர் பூன் லேயிலிருந்து தேக்காவுக்குப் போகும் வழியைக் கழிப்பறைகளைக் கொண்டே அளந்து வந்தார். ரயில் ஏறுமுன் பூன் லே நிலையத்தில் ஒரு முறை. மூன்றாம் நிலையமான ஜூரோங் ஈஸ்டில், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இறங்கி மறுமுறை. அதன்பின் ஊட்ரம் பார்க் வரை இடையில் ஏழு நிலையங்கள். அந்த ஏழையும் அவர் கண்களை மூடிக்கொண்டு, முழங்கால்களை நெருக்கி வைத்துக்கொண்டு கடப்பார். அருகில் அமர்ந்திருப்போர் அவர் உறங்குவதாகவோ இறைவனை நினைப்பதாகவோ எண்ணுவர். உண்மையில் அவர் எண்ணிக்கொண்டிருந்தது நிலையங்களைத்தான்.

ஞாயிறுதோறும் தேக்காச் சந்தையில் மீனும் கறிவேப்பிலையும் வாங்கி, வீரமாகாளியம்மன் கோயிலில் தொழுது, பழைய தோழர்களோடு கோப்பிக்கடையில் ஒரு மணி நேரம் அமர்ந்து எழுவது அவருடைய நாற்பதாண்டு வழக்கம். எழுபதாம் வயதில் பக்கவாதம் இலேசாக வந்து போயிற்று. பேச்சு திரும்பியது, கையும் காலும் பெரும்பாலும் திரும்பின. ஆயினும் ஓராண்டுக்குள் தேக்காப் பயணம் மாதம் ஒரு முறையாகச் சுருங்கி, பிறகு நின்றுவிட்டது. காரணம் கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்றார். முழங்கால் வலி மதிப்புக்குரிய நோய். அதை யாரிடமும் சொல்லலாம்.

பூன் லே என்பது ஒரு மனிதரின் பெயர். சியூ பூன் லே என்னும் வணிகர் ஒரு காலத்தில் ரப்பர் பயிரிட்ட நிலம் அது. 1960களில் ஜூரோங்கின் சதுப்பும் குன்றும் தொழிற்பேட்டையாக மாறியபோது அவ்வட்டாரமும் மாறத் தொடங்கியது. பெருவிரைவு ரயில் அங்கு வந்தது 1990இல். 2009 வரை அதுவே அந்தப் பாதையின் கடைசி நிலையம். ரயில் வருவதற்கு வெகு காலம் முன்பே பெரியவர் அங்குக் குடியேறிவிட்டார். கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை. கப்பலின் அடிவயிற்றில், எண்ணெய்த் தொட்டிகளுக்குள் இறங்கி வேலை செய்பவன் சிறுநீர் கழிக்க மேலே ஏறி வருவதென்றால் கால் மணி நேரம் போய்விடும். ஆகையால் அடக்கிக்கொள்வார்கள். வேலைக்குப் புதிதாக வந்த இளைஞன் அடிக்கடி ஏறினால் கேலி செய்வார்கள். அடக்குவது ஆண்மை என்று பழகிய தலைமுறை அது.

அந்தப் பழக்கத்தில் ஊறியவருக்குத்தான் ஒரு ஞாயிறு மாலை அது நேர்ந்தது. தேக்காவிலிருந்து திரும்பி, அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளத்தில் மின்தூக்கிக்காகக் காத்து நின்றார். அதுவரை பொறுத்திருந்த உந்துதல், கதவு திறந்து உள்ளே கால் வைத்த கணத்தில், பொறுக்கலாகாத ஒன்றாயிற்று. கை பையினுள் சாவியைத் தேடியது. ஐந்தாம் மாடியைக் கடக்கும்போது எல்லாம் முடிந்துவிட்டது. நல்ல வேளை, உடன் ஒருவரும் இல்லை. நள்ளிரவுக்குப் பின் இரண்டு மணிக்கு அவர் வாளியும் துணியும் சோப்புத்தூளும் எடுத்துக்கொண்டு போய், மின்தூக்கியின் தரையை மண்டியிட்டுத் துடைத்தார்.

இரண்டு நாள் கழித்து மின்தூக்கியின் அருகே நான்கு மொழிகளிலும் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. அதைப் படித்துக்கொண்டிருந்த மலாய்ப் பெண்மணி, பக்கத்து வீட்டுக்காரர், "யாரோ குடிகாரன் செய்த வேலை, பாக்சிக்" என்றார். பெரியவர், "ஆமாம், குடிகாரனாகத்தான் இருக்கும்" என்று தலையாட்டினார். இருபது ஆண்டுகளாக மதுவைத் தொடாதவர் அவர்.

சிங்கப்பூரில் இந்தக் குற்றத்துக்கென்றே ஒரு கருவி இருந்ததை அவர் தலைமுறையினர் மறந்திருக்க மாட்டார்கள். 1980களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளின் சில மின்தூக்கிகளில், சிறுநீரைக் கண்டுகொள்ளும் உணர்கருவிகள் பொருத்தப்பட்டன. ஈரம் பட்டதும் அபாய ஒலி எழும், கதவு திறவாது, ஆள் வரும்வரை உள்ளிருப்பவர் உள்ளேயே நிற்க வேண்டியதுதான். அசுத்தத்தை ஒழிக்க அக்கருவி உதவியது என்பதை மறுப்பதற்கில்லை. பொதுவிடத்தைப் பாழ்படுத்துவோர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். ஆனால் அந்தக் கருவி அறிந்தது சிறுநீரை மட்டுமே. அதை விட்டவன் மனம் வைத்து விட்டானா, மாட்டாமல் விட்டானா என்று பகுத்தறியும் ஆற்றல் அதற்கு இல்லை. அந்தப் பகுப்பு அக்கம்பக்கத்தாருக்கும் இல்லை. நோயாளிக்கே இல்லை என்பதுதான் இதில் பெருந்துயரம். பெரியவர் தம்மைக் குற்றவாளியாகவே கருதினார்.

அதன்பின் அவர் தாமே ஒரு மருத்துவம் கண்டுபிடித்தார்: தண்ணீர் குடிப்பதை நிறுத்துவது. காலையில் ஒரு கோப்பி, பகலில் அரைக் குவளை நீர். சிங்கப்பூரின் வெயிலில் இது எத்தகைய மருத்துவம் என்று சொல்ல வேண்டியதில்லை. மலச்சிக்கல் வந்தது, தலைச்சுற்றல் வந்தது, சிறுநீர் மஞ்சளாகிச் சுருங்கி, எரிச்சலோடு முன்னினும் அடிக்கடி வந்தது. ஓரிரவு, ஈரத் துணியைக் குளியலறையில் இரகசியமாக அலசிக்கொண்டிருந்தவரை மகள் பார்த்துவிட்டாள்.

"அப்பா, இந்த நேரத்தில் என்ன துவைக்கிறீர்கள்?"

"ஒன்றுமில்லையம்மா, கோப்பி கொட்டிவிட்டது."

மகள் ஆசிரியை, பொய் சொல்லும் மாணவர்களை நாள்தோறும் பார்ப்பவள். மறுவாரமே அவரைப் பலதுறை மருந்தகத்துக்கும், அங்கிருந்து மருத்துவமனைக்கும் அழைத்துச் சென்றாள்.

அங்கு ஒரு சிக்கல் எழுந்தது. மருத்துவர் சீனர், ஆங்கிலத்தில் கேட்டார். மகளோ தந்தையிடம் அதைத் தமிழில் கேட்க வேண்டும். பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் அவளுக்குச் 'சிறுநீர்' என்ற நூல்வழக்கு தெரியும். அதைத் தந்தையின் முகத்துக்கு நேரே சொல்ல நா எழவில்லை. தந்தையோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது உள்ளே வந்த தமிழ்த் தாதி ஒருவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஐயா, ஒன்றுக்கு வந்தால் அடக்க முடிகிறதா, முடியவில்லையா?" என்று இயல்பாகக் கேட்டார். வீட்டில் தாய் பிள்ளையிடம் கேட்கும் அதே சொல். பெரியவர் நிமிர்ந்து, "முடியவில்லையம்மா" என்றார். ஓராண்டாக ஒருவரிடமும் சொல்லாததை அந்த ஒரு சொல்லில் சொல்லிவிட்டார்.

மருத்துவர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். மேலே மூளை, கீழே ஒரு பை, இரண்டுக்கும் இடையே நெடிய கோடு. அந்தப் படத்தில் அடங்கியிருந்த செய்தி வியப்புக்குரியது.

சிறுநீரகங்கள் இரண்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் சிறுநீரை வடித்து அனுப்புகின்றன. நிமிடத்துக்கு ஒரு மில்லிலிட்டர் அளவு. அதைத் தாங்கும் சிறுநீர்ப்பை வெறும் தோற்பை அன்று. பின்னிப் பிணைந்த தசையாலானது. நிறைய நிறைய அது நெகிழ்ந்து இடங்கொடுக்கும். உள்ளழுத்தம் பெரிதும் ஏறாது. 150, 200 மில்லிலிட்டர் சேரும்போது முதல் உணர்வு தோன்றும். 400, 500 ஆகும்போது உந்துதல் வலுக்கும். பையின் வாயிலில் இரண்டு காவல்கள். உட்காவல் மனத்தின் ஆணைக்கு உட்படாதது. வெளிக்காவல் மனிதன் தானே இறுக்கவும் தளர்த்தவும் வல்ல தசை.

இவற்றை ஆள்பவை மூவகை நரம்புகள். முதுகின் நடுப்பகுதிக்குக் கீழே தண்டுவடத்திலிருந்து புறப்படும் பரிவு நரம்புகள் பையைத் தளர்த்தி, உட்காவலை இறுக்கிச் சேமிக்கச் செய்கின்றன. தண்டுவடத்தின் கடைக்கோடியிலிருந்து வரும் எதிர்ப்பரிவு நரம்புகள் பையைச் சுருக்கி வெளியேற்றுகின்றன. அதே கடைக்கோடியிலிருந்து வரும் மற்றொரு நரம்பு வெளிக்காவலைப் பற்றி நிற்கிறது. நாளின் மிகப் பெரும் பகுதி சேமிப்பிலேயே கழிகிறது. வெளியேற்றம் சில நிமிட வேலை. ஆனால் அந்தச் சில நிமிடங்களில் இரு செயல்கள் ஒன்றுபட வேண்டும்: பை சுருங்கும் அதே வேளையில் காவல் தளர வேண்டும். ஒன்று சுருங்க மற்றொன்றும் இறுகினால், மூடிய கதவின்மேல் வெள்ளம் மோதியது போலாகும்.

இந்த ஒற்றுமையை நடத்தும் தலைவன் இருப்பது மூளைத்தண்டில். உடலியல் நூல்கள் 'பாலம்' என்று பெயரிட்டுள்ள பகுதியில் அது உள்ளது என்பதைப் பூனைகளை ஆராய்ந்து 1925இல் வெளியிட்டவர் பாரிங்டன் என்னும் ஆங்கில அறுவை மருத்துவர். மனிதரிடத்தில் அதை உயிரோடு காண எழுபதாண்டுகளுக்கு மேலாயிற்று. நெதர்லாந்தின் குரோனிங்கனில், ஆடவர் பதினேழு பேரைப் படுக்க வைத்து, மூளையைப் படமெடுக்கும் கருவிக்குள் சிறுநீர் கழிக்கச் சொன்னார்கள். முடிவு 1997இல் வெளியாயிற்று. கழிக்க முடிந்தவர்களிடம் அதே பாலத்தின் ஒரு புள்ளி விழித்தெழுந்தது. இதில் சுவையான செய்தி வேறொன்று: பதினேழு பேரில் பத்துப் பேருக்குத்தான் முடிந்தது. மற்ற எழுவரும் எவ்வளவோ முயன்றும் வரவில்லை. பை நிறைந்திருந்தது, மருத்துவர்கள் வேண்டினர், அவர்களும் விரும்பினர். ஆனாலும் கதவு திறக்கவில்லை. மன உறுதி என்று மனிதன் பெருமை பேசுவதன் எல்லை எது என்பதை அந்த எழுவரிடம் கேட்டறியலாம்.

பாலத்துக்கும் மேலே அமர்ந்து, 'இப்போது வேண்டாம், பிறகு' என்று தடுப்பது நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளை. கைக்குழந்தைக்கு இந்தத் தடுப்பு இல்லை. இரண்டு மூன்று வயதில் அதைக் கற்கிறது. தாய் கைதட்டி மகிழ்கிறாள். மனிதன் பெற்ற முதல் பட்டம் அதுதான் எனலாம். முதுமையிலோ நோயிலோ அந்தப் பட்டம் பறிபோகும்போது அவன் குழந்தையாகிவிட்டதாக ஊரார் எண்ணுகின்றனர். அது பிழை. முன்மூளையில் பழுதுற்ற நோயாளிகளைப் பற்றி ஆண்ட்ரூ, நாதன் என்னும் இரு மருத்துவர்கள் 1964இல் எழுதிய கட்டுரை இத்துறையில் புகழ்பெற்றது. அந்நோயாளிகள் உந்துதலைத் தடுக்க மாட்டாதவர்கள். ஆனால் அறிவு மழுங்கியவர்கள் அல்லர். நேர்ந்ததை முழுவதும் உணர்ந்து நாணி வருந்தியவர்கள். காவல் போயிற்று, நாணம் போகவில்லை.

பெரியவருக்கு நேர்ந்ததும் இதுவே. பக்கவாதம் அவருடைய முன்மூளையிலிருந்து பாலத்துக்குச் செல்லும் தடுப்பாணையைத் தளர்த்திவிட்டது. பை சிறிது நிறைந்தாலே தானாகச் சுருங்கத் தொடங்கியது. மின்தூக்கியில் அது ஏன் உச்சத்தை அடைந்தது என்பதற்கும் விளக்கம் உண்டு. வீட்டு வாசலை அடைந்ததும் கழிப்பறை அருகில் என்று மூளை ஆண்டாண்டாகப் பழகியிருக்கிறது. சாவியைத் தொட்டதும் பை முந்திக்கொள்கிறது. நோயில்லாதவர்களும் இதை ஓரளவு அறிவார்கள். அந்நாளில் மின்தூக்கிகள் சில மாடிகளில் மட்டுமே நின்றன. எல்லா மாடிகளிலும் நிற்கச் செய்யும் மேம்பாட்டுத் திட்டம் 2001இல்தான் தொடங்கியது. ஒரு மாடி இறங்கியோ ஏறியோ வீடு சேர வேண்டியிருந்த முதியோர் என்ன பாடு பட்டிருப்பர் என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை.

அன்று மாலை வீட்டில் மகள் எல்லாவற்றையும் தாயிடம் விளக்கிச் சொன்னாள். தாயார் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு கணவரைப் பார்த்து, "எனக்கும் உண்டுங்க. மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு இருமினால், தும்மினால் நிற்காது. துணி வைத்துக்கொள்கிறேன்" என்றார். முப்பத்தெட்டு ஆண்டுகள். ஒரே கூரையின் கீழ், இரண்டறை வீட்டில், இருவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் மறைத்த செய்தி ஒரே உறுப்பைப் பற்றியது.

தாயாருடையது வேறு நோய். அங்கே மூளையும் பாலமும் பழுதின்றி இருக்கின்றன. பிள்ளைப்பேற்றில் இடுப்பின் அடித்தளத் தசைகள் தளர்ந்து, இருமலின் அழுத்தத்தைக் காவல் தாங்கவில்லை. அத்தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கீகல் 1948இல் வெளியிட்டார். செலவில்லாத பயிற்சி, அமர்ந்த இடத்திலேயே செய்யலாம். அப்படியொன்று உண்டென்று முப்பத்தெட்டு ஆண்டுகளில் அவருக்குச் சொல்ல ஒருவரும் இல்லை, அவர் கேட்கவும் இல்லை.

இன்னொரு வகை, பை நிரம்பி வழிவது. ஆடவருக்கு வயதேற ஏறப் புராஸ்டேட் சுரப்பி பருத்து வழியை நெருக்கும். நீடித்த நீரிழிவு பையின் உணர்வையே மழுக்கும். நிறைந்திருப்பது தெரியாது, முழுவதும் காலியாகாது, சொட்டிக்கொண்டே இருக்கும். சிங்கப்பூரில் இந்தியரிடையே நீரிழிவு மிகுதி என்பதால் தமிழர் இதை அறிந்திருத்தல் நல்லது. வழிவதைக் கண்டு 'அடக்க முடியவில்லை' என்று எண்ணித் தவறான மருந்தை உண்டால், நீர் அடைத்தே போகலாம். ஆகவேதான் மருத்துவர் முதலில், கழித்த பின் பையில் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று ஒலியலைக் கருவியால் பார்க்கிறார். நீர் அறவே வராமல் அடைத்துக்கொள்வது, இரத்தம் கலந்து வருவது, இடுப்பிலும் தொடையிடுக்கிலும் திடீரென மரத்துப்போவதோடு கட்டுப்பாடு போவது, இவற்றில் எதுவானாலும் விடியும்வரை காத்திருக்கலாகாது.

பெரியவரோடு பட்டறையில் வேலை பார்த்த ஒருவர், சாரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு முறிந்து தமிழ்நாட்டுக்குத் திரும்பியவர். கால்கள் போனதைவிடச் சிறுநீர்தான் தம்மை வதைக்கிறது என்று கடிதம் எழுதினாராம். தண்டுவடம் அறுந்தால் பாலத்தின் ஆணை கீழே போய்ச் சேராது. பை ஒருபுறம் சுருங்க, காவல் மறுபுறம் இறுக, அழுத்தம் பின்னோக்கிச் சென்று சிறுநீரகத்தையே கெடுக்கும். முற்காலத்தில் முதுகு முறிந்தோர் பலரை மாய்த்தது இதுவே. 1972இல் லாப்பிடீஸ் என்னும் அமெரிக்க மருத்துவர், நோயாளி தாமே சில மணிக்கொரு முறை சுத்தமான மெல்லிய குழாயைச் செலுத்திப் பையைக் காலி செய்யலாம் என்று காட்டினார். அது எண்ணற்றவர்களின் சிறுநீரகங்களைக் காத்தது. தமிழ்நாட்டில் இத்தகையோருக்கு வழி திறந்தது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி. அங்கு மருத்துவராயிருந்த மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் தாமே இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை செய்தார். அங்கு மறுவாழ்வு மருத்துவத் துறையைக் கட்டியெழுப்பினார். 1966இல் அதற்கென ஒரு நிலையமே திறக்கப்பட்டது. பெரியவரின் தோழர் வேலூருக்குப் போனார். குழாயைப் பழகிக்கொண்டார். பிறகு வந்த கடிதங்களில் பேரப்பிள்ளைகளைப் பற்றி எழுதினார்.

பெரியவருக்கு அத்தகைய கடும் சிகிச்சை தேவைப்படவில்லை. பையில் எஞ்சிய நீர் குறைவு என்று தெரிந்தது. மூன்று நாள், எப்போது குடித்தார், எவ்வளவு கழித்தார், எப்போது நழுவியது என்று எழுதிவரச் சொன்னார்கள். அவர் பட்டறையில் கணக்கெழுதியவர் போல் கோடு போட்டு எழுதினார். தண்ணீரைக் குறைக்கக் கூடாது, கோப்பியையும் தேநீரையும் குறைக்கலாம் என்றனர். உந்துதல் வருமுன்பே, மணி பார்த்து ஒன்றரை மணிக்கொரு முறை போகவும், இரண்டு வாரத்துக்கொரு தடவை அந்த இடைவெளியைக் கால் மணி நேரம் நீட்டவும் கற்பித்தனர். உந்துதல் எழும்போது ஓடக் கூடாது. நின்று, அடித்தளத் தசையை இறுக்கி, அலை தணிந்த பின் நடக்க வேண்டும். பட்டறையில் அடக்கியதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. அது பகையோடு அடக்குதல். இது பழகிய மாட்டை ஓட்டுவது போல. மாத்திரையும் கொடுத்தனர். முதலில் கொடுத்தது வாயை உலர்த்தி மனத்தையும் மந்தமாக்கியதால் வேறொன்றுக்கு மாற்றினர். முதியோருக்கு இவ்வகை மருந்துகளில் எச்சரிக்கை வேண்டும்.

முற்றும் குணம் என்று சொல்வதற்கில்லை. இரவில் இரண்டு முறை எழுகிறார். பையில் ஒரு மாற்றுக் கால்சட்டை எப்போதும் இருக்கிறது. ஆனால் ஐந்து மாதத்துக்குப் பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவியோடு மீண்டும் தேக்காவுக்குப் புறப்பட்டார். ஜூரோங் ஈஸ்டில் எழ முயன்றவரை, "உட்காருங்க, இன்னும் நேரம் இருக்கிறது" என்று மனைவி கையைப் பிடித்து உட்கார வைத்தார். ஊட்ரம் பார்க்கில் இறங்கினார்கள்.

கோப்பிக்கடையில் தோழர்கள் ஆரவாரம் செய்து வரவேற்றனர். முழங்கால் எப்படி என்று ஒருவர் கேட்டார். பெரியவர் சற்றுத் தயங்கினார். பிறகு, "முழங்காலில் ஒன்றுமில்லை, ஒன்றுக்கு அடங்காமல் இருந்தது, வைத்தியம் பார்த்தேன்" என்றார். மேசையில் பேச்சு நின்றது. ஒருவர் சிரித்தார், மற்றவர்கள் சிரிக்கவில்லை. பேச்சு மெல்ல மீன் விலைக்குத் திரும்பியது.

புறப்படும்போது, சிரித்தவர் தூண் ஓரமாகப் பெரியவரைத் தனியே அழைத்து, குரலைத் தாழ்த்தி, எந்த மருத்துவர் என்று கேட்டார். பெரியவர் மீன் வாங்கிய சீட்டின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்தார்.